பழகிய தொல்லைக்கு அடங்கும் எலி புதிய தொல்லைக்குத் துள்ளுவது ஏன்? சிஆர்எச்சா, வாசோபிரெசினா?

ஆய்வுமேசை (கேள்வி)

வணக்கம். ஆண் விஸ்டார் எலிகள், சுமார் 250 கிராம். தினமும் காலையில் 2 மணி நேரம் குழாயில் அடைத்து வைக்கும் முறை, மொத்தம் 14 நாள். 15-ஆம் நாள் பாதி எலிகளுக்கு மறுபடியும் அதே குழாய். மீதிப் பாதிக்கு அதுவரை பார்க்காத நீச்சல் தொட்டி. தொடங்கி 30-ஆவது நிமிடம் ரத்தம் எடுத்து, எலியின் தொல்லை (ஸ்ட்ரெஸ்) ஹார்மோனான கார்ட்டிகோஸ்டீரோன் பார்த்தாயிற்று.

குழாய்க்கே திரும்பப் போன எலிகளில், முதல் நாள் அடைத்தபோது வந்த அளவைவிடத் தெளிவாகக் குறைவு. நீச்சலுக்குப் போனவற்றில் அந்த முதல் நாள் அளவையும் தாண்டிவிட்டது. பாடப்புத்தகத்தில் இருப்பது ஒரே நேர்க்கோடு: மூளையின் ஹைப்போதலாமஸிலிருந்து சிஆர்எச் என்ற ஹார்மோன், அது தூண்டப் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து ஏசிடிஎச், அது தூண்ட அட்ரினல் சுரப்பியிலிருந்து ஸ்டீராய்டு (மனிதரில் கார்ட்டிசால், எலியில் கார்ட்டிகோஸ்டீரோன்), கடைசியில் அதுவே திரும்பிவந்து மூளையை அடக்கும். இந்தக் கோட்டை வைத்துப் பார்த்தால், இரண்டு வாரம் ஸ்டீராய்டில் ஊறிய மூளை எல்லாத் தொல்லைக்கும் அடங்கியல்லவா இருக்க வேண்டும்?

வாசோபிரெசின் என்ற இன்னொரு மூளை ஹார்மோன்தான் காரணம் என்று படித்தேன். அது எப்படி வேலை செய்கிறது? மூளையில் அதை எப்படிக் காட்டுவது? கூடவே ஒரு தலைவலி: எதுவும் செய்யாத கன்ட்ரோல் எலிகளிலேயே சிலவற்றில் மில்லிக்கு 150 நானோகிராமுக்கு மேல் வருகிறது. அளக்கும் கிட் கெட்டுவிட்டதா?

நரம்புமுடிச்சு

முதலில் அந்த நேர்க்கோட்டைக் கொஞ்சம் வளைப்போம்.

ஹைப்போதலாமஸின் பாராவென்ட்ரிகுலர் முடிச்சில் இரண்டு வகை நரம்பணுக்கள் உண்டு. பெரிய உடல் கொண்டவை வாசோபிரெசினையும் ஆக்ஸிடோசினையும் பின் பிட்யூட்டரிக்கு அனுப்புபவை. சிறுநீரகத்துக்கும் கருப்பைக்கும் போகும் சரக்கு அது. சிறிய உடல் கொண்டவைதான் நமக்கு வேண்டியவை. அவற்றின் நுனி, ஹைப்போதலாமஸின் அடியில் பிட்யூட்டரிக்கு மேலே உள்ள மீடியன் எமினென்ஸின் வெளிப்படலத்தில் முடிகிறது. அங்கே கொட்டுவது போர்ட்டல் ரத்தக்குழாய் வழியே நேராக முன் பிட்யூட்டரிக்குப் போகும். இந்தச் சிறிய அணுக்கள் சிஆர்எச் (41 அமினோ அமிலம்), வாசோபிரெசின் (9 அமினோ அமிலம்) இரண்டையும் ஒரே அணுவில் செய்யக்கூடியவை. சும்மா இருக்கும் எலியில் சிஆர்எச் நுனிகளில் ஏறக்குறைய பாதியில்தான் வாசோபிரெசின் தெரியும். அட்ரினலை எடுத்துவிட்டால் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் தெரியும். திரும்பத் திரும்பத் தொல்லை கொடுத்தாலும் அந்தப் பங்கு கூடுகிறது.

பிட்யூட்டரியில் ஏசிடிஎச் சுரக்கும் கார்ட்டிகோட்ரோப் அணுவில் இரண்டுக்கும் வாசல் வேறு. சிஆர்எச் தன் முதல் வகை ஏற்பியைத் தட்டினால் சைக்ளிக் ஏஎம்பி ஏறும். இருப்பிலுள்ள ஏசிடிஎச் வெளியேறும், தாய்ப்புரதமான பிஓஎம்சி-யின் மரபணுவும் ஓடத் தொடங்கும். வாசோபிரெசின் தட்டுவது வி1பி ஏற்பியை. அங்கே பாஸ்போலிப்பேஸ் சி, கால்சியம் வழி. எலியில் வாசோபிரெசின் தனியாக வந்தால் ஏசிடிஎச் கொஞ்சம்தான் அசையும். சிஆர்எச்சோடு சேர்ந்து வந்தால் இரண்டின் கூட்டுத்தொகையையும் மீறி எகிறும். (செம்மறி ஆட்டில் கதை தலைகீழ்: அங்கே வாசோபிரெசினுக்குத்தான் கை ஓங்கி இருக்கிறது. ஆட்டு முடிவை எலிக்குப் பொருத்துமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.)

சிஆர்எச் 1955-இலேயே இருக்கிறது என்று தெரிந்தும், ஆட்டு ஹைப்போதலாமஸிலிருந்து பிரித்து அதன் வரிசையைச் சொன்னது 1981-இல், சால்க் நிறுவனத்தில் வைலி வேல் குழு. இடைப்பட்ட காலத்தில் வாசோபிரெசின்தான் அந்தப் பொருள் என்று வாதிட்ட ஒரு கட்சியே இருந்தது. அவர்கள் முழுக்கத் தவறு என்று சொல்ல முடியாது.

இனி உங்கள் கேள்வி. ஸ்டீராய்டின் கடிவாளம் எல்லா இடத்திலும் ஒரே இறுக்கம் இல்லை. தொல்லை தொடரும்போது பிட்யூட்டரியில் சிஆர்எச் ஏற்பி குறைகிறது; வி1பி குறைவதில்லை, பெரும்பாலும் கூடுகிறது. ஆகவே ஸ்டீராய்டு மிகுந்த நிலையிலும் ஏசிடிஎச் வெளியேற வாசோபிரெசின் ஒரு வழியைத் திறந்து வைக்கிறது. இது ஒரு விளக்கம். இது மட்டுமே விளக்கம் என்று நினைக்காதீர்கள். அதைப் பற்றி வேறு யாராவது சண்டைக்கு வருவார்கள்.

மூளையில் காட்டுவதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று: முடிச்சை முழுதாகக் குத்தி எடுத்து அரைத்து, வாசோபிரெசின் ஆர்என்ஏ-வையோ பெப்டைடையோ அளப்பது. பெரிய அணுக்களில் இருக்கும் வாசோபிரெசின் கடல். சிறிய அணுக்களில் இருப்பது கிணறு. கிணற்றில் தண்ணீர் ஏறியது கடலில் தெரியாது. வெட்டுத்துண்டில் இன் சிட்டு (ஆர்என்ஏ-வை அது இருக்கும் இடத்திலேயே காட்டும் முறை) செய்து, பிரெக்மா என்ற மண்டையோட்டு அடையாளப் புள்ளிக்குப் பின்னே 1.8 மில்லிமீட்டர் வாக்கில், நடுவொட்டிய சிறிய அணுப்பகுதியை மட்டும் தனியே எண்ண வேண்டும்.

அதிலும் முதிர்ந்த ஆர்என்ஏ-வின் இருப்பு பெரியது, மெதுவாகத்தான் அசையும். ஆர்என்ஏ முதிரும்போது வெட்டி நீக்கப்படும் இன்ட்ரான் பகுதியைத் தேடி ஒட்டும் புரோபு போட்டு, இன்னும் வெட்டி ஒட்டப்படாத முதல்நிலை ஆர்என்ஏ-வைப் பாருங்கள். சிஆர்எச்சுடையது தொல்லை தொடங்கிய சில நிமிடங்களில் ஏறிவிடும். வாசோபிரெசினுடையது ஒன்றிரண்டு மணி நேரம் பிந்தித்தான் உச்சம் தொடும். எல்லா எலியையும் 30-ஆம் நிமிடத்தில் பலி கொடுத்துவிட்டு ‘வாசோபிரெசினில் மாற்றமில்லை’ என்று எழுதினால், பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

ஆன்டிபாடி கொண்டு ஏற்றும் இம்யூனோ சாயத்தில் பெப்டைடு கூடுதலாகத் தெரிந்தாலும் அவசரப்படாதீர்கள். உற்பத்தி கூடியதாலும் இருக்கலாம், வெளியேறாமல் தேங்கியதாலும் இருக்கலாம். சாயத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

பைப்பெட்

மூளைக்குப் போகுமுன் ரத்தத்தை முடிப்போம். கிட்டைத் திட்டாதீர்கள், கூண்டைப் பாருங்கள்.

அட்ரினல் ஸ்டீராய்டைச் சேமித்து வைப்பதில்லை. ஏசிடிஎச் வந்தபின் கொலஸ்ட்ராலிலிருந்து புதிதாகச் செய்கிறது. அந்தத் தாமதம்தான் நமக்குக் கிடைக்கும் சலுகை: கூண்டைத் தொட்டதிலிருந்து 3 நிமிடத்துக்குள் எடுத்த ரத்தத்தில் கார்ட்டிகோஸ்டீரோன் அடிப்படை அளவில் இருக்கும். கடிகாரம் ஓடத் தொடங்குவது எலியைக் கையில் எடுக்கும்போது அல்ல, கூண்டை அலமாரியிலிருந்து இழுக்கும்போது. ஒரு கூண்டில் நான்கு எலி இருந்து ஒவ்வொன்றாக எடுத்தால், நான்காவது எலி உங்கள் கணக்கில் கன்ட்ரோல். அதன் பிட்யூட்டரியின் கணக்கில் அது பத்து நிமிடமாகத் தொல்லையில் இருக்கிறது. மதிப்புகளை எடுத்த வரிசைப்படி அடுக்கிப் பாருங்கள். முதல் எலி குறைவு, கடைசி எலி அதிகம் என்று படிக்கட்டு மாதிரி வந்தால் விடை கிடைத்துவிட்டது.

அடுத்தது நேரம். எலி இரவாடி. காலை 6 மணிக்கு விளக்கு எரிந்து மாலை 6-க்கு அணையும் அறையில், காலையில் கார்ட்டிகோஸ்டீரோன் தரையில் கிடக்கும். விளக்கு அணையும் நேரத்தை ஒட்டி உச்சிக்குப் போகும். காலை 9 மணிக்குத் தொடங்கி கடைசி கன்ட்ரோலை மாலை 4 மணிக்கு எடுத்தால் தொல்லையே இல்லாமல் 150 வரும். எல்லாக் குழுவையும் கலந்து, விளக்கு எரிந்த முதல் 4 மணி நேரத்துக்குள் முடியுங்கள். பக்கத்து அறையில் கூண்டு கழுவும் நாளைத் தவிர்த்துவிடுங்கள். ரத்தம் எடுத்த எலியை மற்றவை இருக்கும் அறைக்கே திரும்பக் கொண்டுவராதீர்கள். மயக்க மருந்தான ஈதர் பக்கமே போக வேண்டாம். அதுவே கொடிய தொல்லை.

கிட்டைச் சோதிக்க வேண்டுமென்றால் ஒரே பிளாஸ்மாவை 20, 40, 80 மடங்கு நீர்த்து ஓட்டுங்கள். திரும்பப் பெருக்கினால் மூன்றும் ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால், ஸ்டீராய்டைக் கட்டிப்பிடித்திருக்கும் சிபிஜி புரதம் முழுசாக விடவில்லை. கிட்டோடு வரும் விடுவிப்பான் கரைசலைச் சேர்த்தீர்களா என்று பாருங்கள். இன்னொன்று: நீண்ட தொல்லையில் எலியின் சிபிஜியே குறைகிறது. அப்போது மொத்த அளவு குறைந்து, கட்டுறாத பங்கு அப்படியே இருக்கலாம். ‘பழகிவிட்டது’ என்று எழுதுமுன் இதை ஒதுக்கியாக வேண்டும்.

கடைசியாக, கொஞ்சம் கசப்பான செய்தி. புது எலியை நேரே நீச்சலில் விட்ட குழு உங்கள் பட்டியலில் இல்லை. 14 நாள் அடைத்த எலியின் நீச்சல் அளவை, புது எலியின் குழாய் அளவோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். நீச்சல் குழாயைவிடக் கடுமையான தொல்லை; தண்ணீர் குளிர்ந்தால் இன்னும் கடுமை. இப்போதைய எண்களை வைத்து ‘துள்ளுகிறது’ என்று சொல்லவே முடியாது.

ஆய்வுமேசை

வரிசைப்படி அடுக்கிப் பார்த்தேன். படிக்கட்டேதான். நீச்சல் குழு விடுபட்டதும் உண்மை. நன்றி.

இரண்டு துணைக்கேள்வி. நேரே ரத்தத்திலேயே சிஆர்எச்சும் வாசோபிரெசினும் அளந்துவிட்டால் மூளை வெட்டும் வேலை மிச்சமல்லவா? வி1பி-யை அடைக்கும் மருந்து கொடுத்தால் வாசோபிரெசினின் பங்கு தெளிவாகுமா?

மூன்றாம் அறை

ரத்தத்தில் அளப்பது வீண் வேலை. போர்ட்டல் குழாயில் அடர்த்தியாக இருப்பது பொது ரத்த ஓட்டத்தில் கரைந்து காணாமல் போகும். மனிதரில் கர்ப்ப காலத்தில் சிஆர்எச் ரத்தத்தில் ஏறும். அது நஞ்சுக்கொடியின் சரக்கு. ரத்தத்து வாசோபிரெசினும், கூடவே வரும் கோபெப்டினும் பெரிய அணுக்களின் கணக்கு. ரத்தம் அதிகம் எடுத்தாலே அது ஏறும்.

வி1பி அடைப்பான் பற்றி. நரம்புமுடிச்சு சொன்ன சண்டைக்கு நான் வருகிறேன். வாசோபிரெசின் கூடுகிறது என்பதில் மறுப்பில்லை. அதனால்தான் துள்ளல் என்பதில் மறுப்பு உண்டு. நெலிவாப்டன் என்ற வி1பி அடைப்பானை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஏசிடிஎச் ஓரளவு குறைந்தது. ஆனால் நீண்ட தொல்லைக்குப் பின் வரும் மிகை எதிர்வினை மறையவில்லை. வாசோபிரெசினே இல்லாத பிராட்டில்பரோ எலிகளும் தொல்லைக்கு ஸ்டீராய்டு சுரக்கத்தான் செய்கின்றன, அளவு குறைந்தாலும். மறுபுறம், 1995-இல் சிஆர்எச் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளில் எதிர்வினை படுத்தே விட்டது. சிஆர்எச் இல்லாத தாய்க்குப் பிறந்த சிஆர்எச் இல்லாத குட்டிகள் நுரையீரல் முதிராமல் இறந்தன. தாயின் குடிநீரில் கார்ட்டிகோஸ்டீரோன் கலந்தபோது பிழைத்தன. பளுவைத் தூக்குவது சிஆர்எச், நெம்புகோல் வாசோபிரெசின் என்பது என் கணக்கு.

அப்படியானால் பழக்கமும் துள்ளலும் எங்கிருந்து? பெரும்பகுதி, சிஆர்எச் அணுவுக்கு மேலே. குளிர், ரத்த இழப்பு, நோய்த்தொற்று போன்ற உடல் தொல்லைகள் மூளைத்தண்டின் நார்அட்ரினலின் இழைகள் வழியே நேராக வந்து தட்டும். அதே மூளைத்தண்டில் ஜிஎல்பி-1 பெப்டைடு செய்யும் அணுக்களும் சிஆர்எச் அணுக்களைத் தூண்டுகின்றன. குழாயில் அடைபடுவது போன்ற ‘இது என்ன, ஆபத்தா?’ வகைத் தொல்லைகள் அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் வழியே சுற்றி வருகின்றன. கடைசிக் கட்டத்தில் காபா என்ற அடக்கும் வேதிப்பொருளின் தடையைத் தளர்த்தியோ இறுக்கியோ வேலை நடக்கிறது. பழகுவது இந்தச் சுற்று வழியில்தான். தலாமஸின் பாராவென்ட்ரிகுலர் பகுதியின் பின்பாதியைச் சிதைத்தால் எலி குழாய்க்குப் பழகுவதில்லை. மூளையில் ஸ்டீராய்டு ஒட்டும் ஏற்பிகளில் ஒன்றான மினரலோகார்ட்டிகாய்டு ஏற்பியை அடைத்தாலும் பழக்கம் வெளிப்படுவதில்லை. ஆக, பழக்கம் என்பது களைப்பு அல்ல, நினைவு. ‘இந்தக் குழாய் தெரிந்ததுதான்’ என்ற தீர்ப்பு நீச்சல் தொட்டிக்குச் செல்லாது.

ஸ்டீராய்டில் ஊறிய மூளை அடங்க வேண்டாமா என்று கேட்டீர்கள். எல்லாச் சிஆர்எச்சும் அடங்குவதில்லை. பாராவென்ட்ரிகுலர் முடிச்சில் ஸ்டீராய்டு சிஆர்எச்சைக் குறைக்கிறது. அமிக்டலாவின் நடு முடிச்சில் அதே ஸ்டீராய்டு கூட்டுகிறது. ஒரே பெப்டைடு, ஒரே ஹார்மோன், இரண்டு இடத்தில் எதிரெதிர் விளைவு.

துடிப்பையும் மறக்காதீர்கள். கார்ட்டிகோஸ்டீரோன் சமமாகச் சுரப்பதில்லை; ஏறக்குறைய மணிக்கு ஒரு துடிப்பு. எலிக்கு சிஆர்எச்சை ஏற்ற இறக்கமில்லாமல் சீராக ஏற்றியபோதும் துடிப்பு வந்தது. அதாவது துடிப்பை ஆக்குவது மூளையின் மணியடிப்பு அல்ல. ஏசிடிஎச் உடனே வெளியேறுவதும், ஸ்டீராய்டு சற்றுத் தாமதமாக வந்து அதை அடக்குவதும் சேர்ந்து தானாகவே ஊஞ்சலாடுகிறது. ஊஞ்சல் ஏறும்போது தொல்லை வந்தால் பெரிய எதிர்வினை, இறங்கும்போது வந்தால் சிறியது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்த ஹார்மோனிடம் பலிக்காது. ஒரே ஒரு 30-ஆம் நிமிடப் புள்ளியை வைத்து எதையும் சொல்ல வேண்டாம்.

வார்டு எண் 9

மருத்துவமனைப் பக்கத்திலிருந்து கொஞ்சம். மனிதரிலும் இதே இரண்டு பெப்டைடு சண்டைதான், ஆனால் பயன் வேறு.

குஷிங் (கார்ட்டிசால் மிகும் நோய்) சந்தேகத்துக்கு இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற செயற்கை ஸ்டீராய்டு கொடுத்து, மறுநாள் காலை 8-9 மணிக்குக் கார்ட்டிசால் பார்ப்போம். 1.8 மைக்ரோகிராம்/டெசிலிட்டருக்குக் கீழே இறங்க வேண்டும். இதை ‘மூளையின் கடிவாளச் சோதனை’ என்று பாடம் எடுப்பவர்கள் உண்டு, சரியல்ல. டெக்ஸாமெத்தசோனை மூளைக்குள் நுழையவிடாமல், மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற புரதம் வெளியே தள்ளுகிறது. இந்த அளவில் அது அடக்குவது பெரும்பாலும் பிட்யூட்டரியைத்தான். எலியில் இதைச் செய்து ‘ஹிப்போகாம்பஸ் கடிவாளம் போயிற்று’ என்று எழுதினாலும் அதே தவறு.

நம் ஊரில் அடிக்கடி ஏமாற்றுவது ரிஃபாம்பிசின். காசநோய் மருந்து எடுப்பவருக்கு டெக்ஸாமெத்தசோன் கல்லீரலில் வேகமாகக் கரைந்துபோய், கார்ட்டிசால் அடங்காதது போலத் தெரியும். ஃபெனிடாயின், கார்பமாஸெபைனும் அப்படியே. கருத்தடை மாத்திரையின் ஈஸ்ட்ரோஜன் சிபிஜியை ஏற்றி மொத்தக் கார்ட்டிசாலை உயர்த்தும். பைப்பெட் சொன்ன அதே புரதம், எதிர்த்திசையில்.

வாசோபிரெசின் இங்கே எதற்கு உதவுகிறது என்றால், பிட்யூட்டரிக் கட்டி உள்ள குஷிங்கில் வாசோபிரெசினின் செயற்கை வடிவமான டெஸ்மோபிரெசின் 10 மைக்ரோகிராம் சிரையில் ஏற்றினால் பெரும்பாலானோருக்கு ஏசிடிஎச் எகிறும். ஆரோக்கியமானவருக்குப் பெரிதாக அசையாது. சிஆர்எச் ஊசி கிடைக்காத இடங்களில் இதுதான் கைகொடுக்கிறது.

சிஆர்எச் முதல் வகை ஏற்பியை அடைக்கும் மருந்துகள் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் வரும் என்று நீண்ட காலம் நம்பினார்கள். பெக்ஸாசெர்ஃபான்ட், வெருசெர்ஃபான்ட் எல்லாம் மனிதச் சோதனையில் கவிழ்ந்தன. அதே வகையைச் சேர்ந்த கிரினெசெர்ஃபான்ட் 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஆனால் பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சிக்கு. அங்கே 21-ஹைட்ராக்ஸிலேஸ் என்ற என்ஸைம் குறைவால் கார்ட்டிசால் இல்லை, கடிவாளம் இல்லை, சிஆர்எச் தறிகெட்டு ஓடுகிறது, மிகுந்த ஏசிடிஎச் ஆண் ஹார்மோனாகப் போய் முடிகிறது. சிஆர்எச்தான் உண்மையில் வண்டியை ஓட்டும் இடத்தில் அதன் ஏற்பியை அடைத்தால் பலன் தெரிகிறது. மருந்தின் மேல் குற்றமில்லை, நோயைத் தேர்ந்தெடுத்ததில்தான்.

ஆய்வுமேசை

புரிகிறது. திட்டத்தை மாற்றுகிறேன்: புது எலி, 14 நாள் எலி என இரண்டு வகை, ஒவ்வொன்றிலும் சும்மா, குழாய், நீச்சல் என மூன்று, ஆக ஆறு குழு. வால் நுனியிலிருந்து 0, 15, 30, 60, 120 நிமிடங்களில் ரத்தம். சரியா?

பைப்பெட்

சரி, சில திருத்தங்களோடு.

250 கிராம் எலியில் மொத்த ரத்தம் சுமார் 16 மில்லி. பத்தில் ஒரு பங்கு, அதாவது 1.6 மில்லிக்கு மேல் போகாதீர்கள். 15-ஆம் நிமிடத்தில் மட்டும் ஏசிடிஎச்சுக்காக 300 மைக்ரோலிட்டர், மற்ற நான்கில் 150 வீதம் எடுத்தால் 0.9 மில்லியில் முடிந்துவிடும். ஏசிடிஎச்தான் உங்களுக்கு முக்கியம். கடுமையான தொல்லையில் அட்ரினல் தன் உச்சவரம்பைத் தொட்டுவிடும். ஏசிடிஎச் இரண்டு மடங்கானாலும் கார்ட்டிகோஸ்டீரோன் உச்சம் அசையாது. துள்ளல் இருந்தால் அது ஏசிடிஎச்சிலும், 60, 120-ஆம் நிமிடத்தில் எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்பதிலும்தான் தெரியும்.

ஏசிடிஎச் சீக்கிரம் சிதையும், கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும். ஐஸில் குளிரவைத்த பிளாஸ்டிக் இடிடிஏ குழாய் (ரத்தம் உறையாமலிருக்க), கூடவே புரதச் சிதைவைத் தடுக்கும் அப்ரோட்டினின். உடனே 4 டிகிரியில் சென்ட்ரிஃப்யூஜ். பிளாஸ்மாவைச் சிறு சிறு பங்காகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். ஒருமுறை உருக்கியதை மறுபடி உறையவைக்காதீர்கள். சிவந்து கலங்கிய மாதிரியை ஏசிடிஎச்சுக்குப் பயன்படுத்த வேண்டாம். ரத்த அணு உடைந்தால் வரும் என்ஸைம்கள் அதைத் தின்றுவிடும்.

நீச்சல் தொட்டித் தண்ணீர் 25 டிகிரி, எல்லா எலிக்கும் ஒரே அளவு, ஒவ்வொரு எலிக்கும் புதுத் தண்ணீர். 15 நிமிடத்தில் எடுத்துத் துடைத்து, சொந்தக் கூண்டில் விடுங்கள். குழாய் அடைப்பையும் அன்றைக்கு 15 நிமிடமாகவே வையுங்கள். ஒன்று 15, இன்னொன்று 30 என்றிருந்தால் இறங்கும் வேகத்தை ஒப்பிட முடியாது.

மூளைக்குத் தனி எலிகள் வேண்டும். வாலில் ஐந்து முறை ரத்தம் எடுத்த எலியின் பாராவென்ட்ரிகுலர் முடிச்சு எதைப் பார்த்து விழித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. விலங்கு நெறிக்குழு விண்ணப்பத்தில் அந்த எண்ணிக்கையை இப்போதே சேர்த்துவிடுங்கள்.